விடத் தெரியாத கை

அக்கா கதவைத் திறந்தாள். ஆனால் வழிவிடவில்லை.

அவள் வலது மணிக்கட்டைச் சுற்றியிருந்த கட்டுதான் சின்னவள் கண்ணில் முதலில் பட்டது. போன வாரம் வெள்ளை வெளேரென்று இருந்த கட்டு. இப்போது ஓரமெல்லாம் அழுக்கேறி, நுனி பிரிந்து தொங்கியது. வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு மறந்துபோனது.

"அந்தப் பெட்டியில என்ன?" என்றாள் அக்கா.

"கை."

"அது இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொன்னேனே. காது கேக்கலையா, இல்ல நான் சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்கறதில்லையா?"

அப்படிக் கேட்க அக்காவுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் நடந்த விபத்தில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சின்னவள் செயற்கைக் கை செய்கிற ஒரு நிறுவனத்தில் பொறியாளர். கைக்குள் உட்கார்ந்து யோசிக்கிற சிப் அவளுடைய வேலை. அத்தானுக்காகவே செய்த கையைப் போன வாரம் பெருமையோடு இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அன்றைக்கே, சமையலறையில் வைத்து, அது அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. அத்தான் இடது கையால் பேட்டரியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. அதற்குள் எலும்பில் மயிரிழையாக ஒரு விரிசல்.

இன்றைக்கு மத்தியானம் அத்தானின் லிஃப்ட் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சின்னவளின் நிறுவனப் பட்டறைக்கு வருகிறார். கையைச் சோதித்துப் பார்த்து அவர் தலையாட்டினால், திங்கட்கிழமையிலிருந்து அத்தான் பழைய வேலைக்குத் திரும்பலாம். அந்த நாளுக்காக அத்தான் எப்படிக் காத்துக் கிடந்தார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் அத்தானைக் கூட்டிட்டுப் போக வரலைக்கா," என்றாள் சின்னவள். "அது ஏன் அப்படிப் பண்ணிச்சுன்னு கண்டுபிடிக்க வந்திருக்கேன். லேபுல தலைகீழா நின்னு பாத்துட்டேன், மறுபடி அப்படிப் பண்ணவே மாட்டேங்குது. நடந்த இடத்துல வச்சுத்தான் பாக்கணும்."

"கண்டுபிடிக்க முடியலேன்னா?"

"அந்த அதிகாரிக்கு நானே போன் பண்ணி, வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது. "வாசல்ல வச்சே பஞ்சாயத்து பண்ணினீங்கன்னா எதிர் வீட்டுக்காரங்க நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. பொடிசை உள்ள விடு."

பொடிசு என்பது சின்னவளுக்கு இந்த வீட்டில் இருக்கிற பெயர். ஆள் வளர்ந்து, பட்டம் வாங்கி, நாலு பேரை வேலை வாங்கும் இடத்துக்கு வந்த பிறகும் அது மாறவில்லை.

அக்கா நகர்ந்தாள். சம்மதம் வந்து நகர்ந்த மாதிரி இல்லை. அலுத்துப்போய் நகர்ந்த மாதிரி இருந்தது.

சமையலறை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட யோசிக்க வேண்டிய அளவுதான். பாத்திரம் கவிழ்க்கும் மேடையைத் துடைத்து, லேப்டாப்பை அங்கே வைத்தாள் சின்னவள். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். சின்னவள் பெட்டியிலிருந்த கையை எடுத்து மாட்டிவிட்டாள். அதன் உள்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்ன உலோகத் தட்டுகள் இருந்தன. அவை தோலோடு ஒட்டி நின்று, உள்ளே தசைகள் துடிப்பதைக் கேட்டுச் சிப்புக்குச் சொல்லும். விரலை மடக்க வேண்டுமென்று அத்தான் நினைத்தால் மிச்சமிருக்கும் தசை துடிக்கும். சிப் அதைப் புரிந்துகொண்டு விரலை மடக்கும்.

இதே காரியத்துக்கு அவள் அலுவலகத்தில் இன்னொரு குழு வேறு வழி வைத்திருந்தது. தசை சொன்னதையெல்லாம் போன் வழியாக எங்கேயோ இருக்கும் ஒரு ராட்சச இயந்திரத்துக்கு அனுப்பி, பதில் வாங்கி, விரலை அசைப்பது. மேசை மேல் வைத்துக் காட்டினால் பிரமாதமாக இருக்கும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேட்டரி படுத்துவிடும். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்தச் செங்குத்துச் சந்துக்குள், ஷாஃப்ட் என்பார்களே அதற்குள், போனுக்கு ஒரு கோடுகூடச் சிக்னல் வராது.

சின்னவள் மூளையைப் பார்த்துச் செய்தாள். மூளையில் ஒரு நரம்புச் செல் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். பக்கத்திலிருந்து சின்னச் சின்னத் தட்டல்கள் வந்து சேர்ந்து, போதும் என்கிற அளவைத் தொட்டதும் ஒரு துடிப்பு விடும். திரும்பவும் சும்மா ஆகிவிடும். அவளுடைய சிப்பில் இருந்ததெல்லாம் அப்படிப்பட்ட செல்கள்தான். ஒன்றும் நடக்காதபோது செலவே இல்லை. பொடி பேட்டரி போதும். எவரையும் போன் போட்டுக் கேட்கவும் வேண்டாம்.

"நம்ம மண்டைக்குள்ள என்ன, மின்சார நிலையமா ஓடுது?" என்று மீட்டிங்கில் அவள் கேட்டபோது மேலாளர் சிரித்தார். ஆனால் அவள் பக்கம் சாயவில்லை. கை இப்படி ஒருமுறை பிடித்துக்கொண்டது தெரிந்ததும் சிரிப்பும் நின்றுபோனது.

கை தோலோடு சேருகிற இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். வியர்வையாக இருக்குமோ என்று சந்தேகம். கை ஒழுங்காக இருந்தது. கையைத் தூக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், முறுக்கச் சொன்னாள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாதுவாக இருந்தது.

"நல்ல பிள்ளை வேஷம் போடுது," என்றார் அத்தான்.

"அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க அத்தான்."

"டம்ளரைப் பிடிச்சுட்டு நின்னேன். இவ பழச்சாறு அரைச்சுட்டிருந்தா. டம்ளரைக் குடுங்கன்னா. குடுத்தேன். டம்ளரை விட்டுச்சு, இவளைப் பிடிச்சுக்கிச்சு."

"அரைச்சுட்டிருந்தாளா, அரைச்சு முடிச்சுட்டாளா?"

அத்தான் யோசித்தார். நினைவில்லை. நிலைப்படியில் கைகட்டி நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா உள்ளே வந்தாள். ஈரமாகக் கிடந்த துண்டை எடுத்து, சுருட்டி, அந்தச் செயற்கைக் கையின் விரல்களுக்கு நடுவே வைத்தாள். விரல்களைத் தொடாமல் வைத்தாள். மிக்ஸியில் ஜாரைப் பொருத்தினாள்.

"ஓடிட்டுத்தான் இருந்தது," என்றாள். "இடது கையால மூடியை அமுக்கிட்டு வலது கையை நீட்டினேன்."

சுவிட்சைத் திருப்பினாள்.

மிக்ஸி அலறியது. செயற்கை விரல்கள் மடங்கின. நின்று, இன்னும் மடங்கின. துண்டிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. பிறகு சொட்டுக்கூட இல்லை. அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணல," என்றார். "சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல."

அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். கை நிதானமாக, தனக்குத் தோன்றியபோது, துண்டை விட்டது.

சின்னவள் லேப்டாப் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு உலோகத் தட்டுக்கும் திரையில் ஒரு வரிசை. ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி. வழக்கமாகப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இப்போது எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் புள்ளி விழுந்து, ஜன்னல் கம்பி மாதிரி நெட்டுக்குத்தாக வரிசை கட்டி நின்றன.

"கிடைச்சிடுச்சு," என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மிக்ஸி மோட்டாரோட மின்சார இரைச்சல்தான். காத்துல பரவி எல்லாத் தட்டுலயும் ஏறியிருக்கு. ஒவ்வொண்ணும் சின்னத் தட்டல்தான், ஆனா சேர்ந்து சேர்ந்து அளவைத் தாண்டிடுச்சு. சிப்பு அதை, பிடி, பிடின்னு கேட்டிருக்கு."

"சிரிக்கிற," என்றாள் அக்கா.

சின்னவளின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"தப்புதான்க்கா."

"சிரிச்சுக்கோ. எனக்கு அந்தத் துண்டைப் பாக்க முடியல, அவ்வளவுதான்."

அக்கா துண்டை எடுத்து உதறி, வெளியே காயப்போடப் போனாள்.

சின்னவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். நெருக்கி நெருக்கித் தட்டினாள். அத்தான் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவருக்கு எந்த இயந்திரத்தையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது.

"என்ன பண்ற?"

"மூளையில தூண்டி விடற செல் மட்டும் இல்ல அத்தான், அடக்கி வைக்கிற செல்லும் நிறைய இருக்கு. நான் அதைக் கஞ்சத்தனமா வச்சுட்டேன். இப்ப கூட்டறேன். தசை நிஜமா வேலை செஞ்சா ஒரு இடத்துல துடிக்கும், இன்னொரு இடத்துல அடங்கியிருக்கும். எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல துடிச்சா அது தசை இல்ல, இரைச்சல். அந்த நேரத்துல அடக்கற செல்லெல்லாம் எழுந்து மத்ததை வாயை மூடச் சொல்லும்."

"வகுப்புல எல்லாரும் சேர்ந்து கத்தினா வாத்தியார் எவன் பேச்சையும் எடுத்துக்க மாட்டார், அது மாதிரி."

"அதேதான்."

முதல் தடவை அவள் அடக்கியது அளவுக்கு மீறிவிட்டது. மிக்ஸி ஓடும்போது கை இறுகவில்லை, சரி. ஆனால் அத்தான் சொன்னதையும் கேட்கவில்லை. "எங்க பழைய சூபர்வைசர் மாதிரி ஆயிடுச்சு," என்றார் அவர். "பக்கத்துல நின்னு கத்தினாலும் அவருக்கு ஏறாது." சின்னவள் தளர்த்தினாள். கூட்டினாள். மறுபடி தளர்த்தினாள். அக்கா ஒவ்வொரு தடவையும் வந்து மிக்ஸியைப் போட்டாள், நிறுத்தினாள். அவளே போட வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை.

கடைசியில் மிக்ஸி அலறிக்கொண்டிருக்க, அத்தான் ஒரு முட்டையை எடுத்து, பிடித்து, கிண்ணத்தில் வைத்தார். உடையவில்லை.

எவரும் கைதட்டவில்லை. அத்தான் மட்டும் அந்த முட்டையைத் திரும்ப எடுத்து, திரும்ப வைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் சின்னவள். "சில சமயம் இரைச்சலா தசையான்னு சிப்புக்கே சந்தேகம் வரும். அப்ப அது என்ன பண்ணணும்? விடணுமா, பிடிச்சுக்கணுமா?"

"பிடிச்சுக்கணும்," என்றார் அத்தான் உடனே. "ஷாஃப்டுல மேல நிக்கறப்ப ஸ்பேனரை விட்டா கீழ இருக்கறவன் தலை போயிடும்."

"விட்டுடணும்," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "அவர் கீழ நிக்கறவனை யோசிக்கிறார். பக்கத்துல நிக்கறவளையும் யோசிக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அத்தான் எழப் போனார். "நீங்க இருங்க," என்று சின்னவள் பின்னாலேயே போனாள்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் பிரிந்த கட்டை ஒற்றைக் கையால் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மண்டியிட்டு அதை வாங்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"கதவைச் சாத்து," என்றாள் அக்கா. சாத்தினாள்.

"நாள் தள்ளிப்போயிருக்கு. டாக்டரையும் பாத்துட்டு வந்துட்டேன். நிச்சயம்தான்."

சின்னவள் கட்டின் நுனியைப் பிடித்தபடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் எவரும் பேசாமல் விட்டிருந்த பிள்ளை விஷயம்.

"அத்தானுக்கு?"

"தெரியாது. சொன்னா, பிள்ளைக்குன்னு சொல்லிக்கிட்டு எந்தக் கையோட வேணாலும் நாளைக்கே மேல ஏறிடுவார். கை சரியாச்சா இல்லையான்னு அவரே முடிவு பண்ணட்டும், பயத்துலயோ சந்தோஷத்துலயோ பண்ண வேண்டாம்னு நினைச்சேன்." அக்கா கட்டைத் தானே வாங்கிச் செருகிக்கொண்டாள். "உன்னை ஒண்ணு கேக்கறேன். தங்கச்சியா சொல்லாத, செஞ்சவளா சொல்லு. அந்தக் கையில பிள்ளையைக் குடுக்கலாமா?"

இறுக்கினால் நசுங்கிவிடும். விட்டால் விழுந்துவிடும். கொஞ்சம் முன்னால் சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்வி இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"இன்னைக்குக் கூடாது," என்றாள்.

அக்கா தலையசைத்தாள். கோபப்படவில்லை.

"ஆனா பிள்ளை பிறக்கறதுக்குள்ள குடுக்கலாம்னு சொல்ற மாதிரி ஆக்கிடுவேன். அதுவரைக்கும் நீ குடுக்காத. நான் சொல்றவரைக்கும்."

"அது போதும் எனக்கு," என்றாள் அக்கா. எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வெளியே போகிற புடவை கட்டியிருந்தாள். "என்ன பாக்கற? நானும் வரேன். அந்த அதிகாரி எப்படிச் சோதிக்கிறாங்கன்னு என் கண்ணால பாக்கணும்."

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் சின்னவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே வந்தாள். சந்தேகம் வந்தால் விடவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே இரு. மேல்கையில் ஒரு தட்டுத் தட்டி, எனக்குப் புரியவில்லை என்று ஆளுக்குச் சொல்லு. விட வேண்டுமானால், கையின் ஓரத்தில் இதுவரை சும்மா கிடந்த பொத்தானை அவரே இடது கையால் அமுக்கி விடட்டும். அத்தானும் அக்காவும் முழு மனசோடு ஒத்துக்கொள்ளாத, ஆனால் இரண்டு பேரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வழி.

பாதுகாப்பு அதிகாரி நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்மணி. காபி வேண்டாம், உட்கார வேண்டாம், விளக்கப் படம் எதுவும் வேண்டாம் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். மேலாளர் தயாரித்து வைத்திருந்த படக்காட்சி திரையிலேயே நின்றது.

"மோட்டார் எங்க?"

இந்தச் சோதனைக்கென்றே கீழ்த்தளத்தில் ஒரு பெரிய மோட்டாரைப் புதிதாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஏணி. மோட்டார் உறுமத் தொடங்கியதும் தரையே அதிர்ந்தது. மிக்ஸியெல்லாம் இதன் முன்னால் கொசு. அத்தான் இடது கையால் ஏணியைப் பிடித்து ஏறினார். வலது கையில் ஸ்பேனர். மேலே போய் ஒரு போல்ட்டைக் கழற்றினார், மாட்டினார். ஸ்பேனரை வைத்துவிட்டு வேறு ஸ்பேனரை எடுத்தார். அக்கா சுவரோரமாக நின்று, இமைக்காமல் பார்த்தாள்.

இறங்கி வந்த அத்தானிடம் அதிகாரி சொன்னார், "அந்தத் தட்டுகள்ல ஒண்ணைப் பிடுங்குங்க."

மேலாளர் குறுக்கே வந்தார். "மேடம், அது திட்டத்துல இல்லையே."

"வேலையில வயர் அறுந்தா திட்டத்தைப் பாத்துட்டா அறுந்துபோகும்?"

சின்னவள் ஒரு தட்டின் வயரைக் கழற்றினாள். மற்றவை சேர்ந்து சமாளித்தன. கை சற்று மெதுவானது, தடுமாறவில்லை. மூளையில் ஒரு செல் செத்துப்போனால் ஆள் விழுந்துவிடுவதில்லை. இதுவும் அப்படித்தான் என்று அவள் முன்பே நம்பியிருந்தாள், இன்றைக்குக் கண்ணால் பார்த்தாள். இன்னொன்றையும் கழற்றச் சொன்னார் அதிகாரி. இப்போது கைக்குப் புரியவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றது.

"தட்டுது," என்றார் அத்தான். "மேல்கையில தட்டுது. தெரியலைங்குது." இடது கையால் பொத்தானை அமுக்கினார். ஸ்பேனர் அவர் இடது உள்ளங்கைக்கு வந்தது. சின்னவள் கழற்றிய வயர்களைத் திரும்பப் பொருத்தினாள்.

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். "தெரியலேன்னு சொல்ற மெஷினை இப்பத்தான் பாக்கறேன். எங்க ஆபீஸ்ல மனுஷங்களே சொல்றதில்ல." அத்தானைப் பார்த்துச் சொன்னார், "திங்கட்கிழமை வந்துடுங்க. மேல ஏறலாம்."

அத்தான் அதிகாரியின் கையை இடது கையால் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேகமாக வெளியே முற்றத்துக்குப் போய்விட்டார். அக்கா அவர் பின்னாலேயே போனாள்.

சின்னவள் மாடிக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வைத்தாள். மேலாளர் கதவோரம் வந்து நின்றார். "அடுத்த மீட்டிங்ல அந்த இன்னொரு டீம்காரங்களுக்கும் உன் சிப்பைக் காட்டணும்," என்றார். அவர் வாயிலிருந்து அது வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

ஜன்னல் வழியாகக் கீழே முற்றம் தெரிந்தது. நிறுத்தியிருந்த வேன்களுக்கு நடுவே அத்தானும் அக்காவும். அப்பால் அதிகாரி தன் காரில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ சொன்னாள். அத்தானுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குனிந்து காதைக் கொடுத்தார். அக்கா திரும்பச் சொன்னாள்.

சொல்லிவிட்டாள். சின்னவளுக்குக் கண் நிறைந்தது.

துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனவள், நின்றாள்.

அத்தானின் கை இன்னும் லேப்டாப்போடு இணைப்பில்தான் இருந்தது. திரையில் எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் புள்ளிகள். ஜன்னல் கம்பி மாதிரி. காலையில் பார்த்தது போலவே.

எந்த மோட்டார் ஓடுகிறது? கீழே எல்லாம் நிறுத்தியாயிற்றே.

ஜன்னலைப் பார்த்தாள். அத்தான் வலது கையை அக்காவின் தோளை நோக்கித் தூக்கியிருந்தார். விரல்கள் விரிந்தபடி இருந்தன. மடங்கவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், மறுபடி முயன்றார். மடங்கவில்லை. பிறகு அதை விட்டுவிட்டு இடது கையால் அக்காவைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

திரையில் அடக்குகிற செல்கள் எல்லாம் எழுந்து, மற்றவற்றின் வாயை மூடிக்கொண்டிருந்தன.

அது இரைச்சல் இல்லை. அது அத்தான். ஆடிப்போன மனுஷனுக்குக் கை மொத்தமும், எல்லாத் தசையும், ஒரே நேரத்தில் துடிக்கும். சந்தோஷத்தில் துடிக்கும். ஏணியில் கால் வழுக்கினாலும் துடிக்கும். எதையாவது பிடித்தே ஆக வேண்டிய அந்த நொடியில் இந்தக் கை அவரை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். மேல்கையில் தட்டிச் சொல்லக்கூடச் செய்யாது. அதற்குச் சந்தேகமே வரவில்லை. தசை இல்லை என்று காலையில் அவள் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே நம்பியது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் மேலாளர்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். படிகளில் இறங்கி முற்றத்துக்கு வந்தபோது அத்தான் அவளைப் பார்த்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"பொடிசு, உனக்கு முன்னாடியே தெரியுமாமே," என்றார். "எல்லாம் ஒரே நாள்ல. வேலையும், பிள்ளையும். நான் என்ன சொல்றதுன்னே தெரியல."

அக்கா ஈரக் கண்ணோடு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு தங்கையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஒரு நிமிஷம் நின்றால் போதும். கார் போய்விடும். நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம், நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த ஒரு சாயங்காலம் இவர்களுக்கு மிஞ்சட்டும்.

ஆனால் நாளைக்கு அவள் இதே தைரியத்தோடு எழுந்திருப்பாளா? சந்தோஷமாக இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து, சொல்லாமலே திரும்பி வந்தாலும் வருவாள்.

"வந்துடறேன் அத்தான்," என்று அவர்களைக் கடந்து போய், நகரத் தொடங்கிய காரின் முன்னால் நின்றாள்.

கார் நின்றது. அதிகாரி கண்ணாடியை இறக்கினார்.

"திங்கட்கிழமை அவரை மேல ஏத்தாதீங்க," என்றாள் சின்னவள். மூச்சு வாங்கியது, குரல் மட்டும் அசையவில்லை. "கையில ஒரு தப்பு இருக்கு. நான் வச்ச தப்பு. சரி பண்ணிடுவேன். ஆனா அதுவரைக்கும் வேண்டாம்."

பின்னால் அத்தானின் சிரிப்பு நின்றது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்தார்.

"வாங்க," என்றார். "என்ன தப்புன்னு காட்டுங்க."